தசைக்குள் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும்: முன்கையில் அளந்து பழக ஒரு வழிகாட்டி

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினால், அது தமனி ரத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. அந்த ரத்தம் தசைக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, போனதில் தசை எவ்வளவை எடுத்துக்கொண்டது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. கால் தமனி சுருங்கிப்போய், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிற நோயாளிக்கும் கைவிரலில் 98 வரலாம்.

தசையையே அளக்க வேண்டுமென்றால் வேறு வழி வேண்டும். தசைக்குள் ஊசி குத்தாமல், கதிரியக்கம் இல்லாமல், ஒரு முதுநிலை மாணவர் சில வாரங்களில் கைப்பழக்கமாக்கிக்கொள்ளக்கூடிய வழி ஒன்று இருக்கிறது: அண்மை அகச்சிவப்பு ஒளி, கூடவே ஒரு பிபி கஃப். பிசியோதெரபி, உடலியங்கியல், விளையாட்டு அறிவியல் துறைகளில் இதைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் முன்கையில் பழகுங்கள். கை அசையாமல் இருக்கும், கஃப் கட்ட எளிது, கொழுப்பும் தொடையைவிடக் குறைவு.

திரையில் தெரியும் சதவீதம் எதைச் சொல்கிறது?

கருவியை ஒட்டியதும் திரையில் ஒரு சதவீதம் வரும். ஓய்வில் இருக்கும் தசைக்கு அது பெரும்பாலும் 60க்கும் 80க்கும் இடையில் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் ‘தசைக்கு வரும் ஆக்சிஜன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வரவு அல்ல. வரவும் செலவும் போக மிச்சம் நிற்கும் அளவு. மாடித் தொட்டியில் தண்ணீர் அரைவாசி நிற்கிறது என்பதை வைத்து மோட்டார் எவ்வளவு ஏற்றுகிறது, வீட்டுக்குள் குழாய் எவ்வளவு இழுக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டும் நின்றிருந்தாலும் அரைவாசிதான், இரண்டும் முழு வேகத்தில் ஓடினாலும் அரைவாசிதான்.

செலவு தெரிய வேண்டுமென்றால் வரவை நிறுத்திவிட்டு மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வரவு தெரிய வேண்டுமென்றால் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கஃப் இந்த இரண்டு வேலைக்கும்தான். கஃப் இல்லாமல் வெறும் சதவீதத்தை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதுவது எனக்கு அரைகுறை வேலையாகத்தான் தெரிகிறது.

வெளியேறும் வழியை அடைத்து வரவை அளக்கும் உத்தி புதிதல்ல. ஹ்யூலெட்டும் வான் ஸ்வாலுவென்பர்க்கும் 1909லேயே கையின் பருமன் ஏறும் வேகத்தைப் பார்த்து ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். 1953ல் விட்னி, ரப்பர் குழாய்க்குள் பாதரசம் நிரப்பிய வளையத்தைக் கையைச் சுற்றிக் கட்டி அதே அளவை எளிதாக்கினார். இடையில் 1949ல் கெட்டி, கதிரியக்க சோடியத்தைத் தசைக்குள் செலுத்தி அது கரைந்து போகும் வேகத்தைப் பார்த்தார். 1960களில் லாசன் செனான்-133 வாயுவை வைத்து அதே உத்தியைச் செம்மைப்படுத்தினார். ஒளியின் பங்கு 1977ல் வந்தது. அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும்கூடக் கடந்து உள்ளே போய்த் திரும்பும், அதில் ஆக்சிஜன் நிலவரம் தெரியும் என்று யோப்சிஸ் அந்த ஆண்டு காட்டினார். இன்று நம் கையில் இருக்கும் தீப்பெட்டி அளவு கருவிகள் அந்த வழியில் வந்தவை.

ஒளி எப்படிப் பார்க்கிறது?

700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் திசு அவ்வளவாக விழுங்காது. வழியில் அதை விழுங்குவது முக்கியமாக ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் 760ஐ ஒட்டி அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏறியது 850 பக்கம் அதிகம் விழுங்கும். 800ஐ ஒட்டிய இடத்தில் இரண்டும் சமம். ஆகவே குறைந்தது இரண்டு அலைநீளங்களில் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளந்தால், எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

இதில் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழாய்களுக்குள் போன ஒளி திரும்பி வராது. ஆகவே கருவி பார்ப்பது நுண்குழாய்களையும் அவற்றை ஒட்டிய சின்னத் தமனி, சிரைகளையும்தான். அடுத்தது, தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதமும் ஒளியை ஹீமோகுளோபினைப் போலவே விழுங்கும், இரண்டையும் பிரிக்க இந்தக் கருவியால் முடியாது. மூன்றாவது, ஒளி நேர்கோட்டில் போவதில்லை, சிதறிச் சிதறி வளைந்து போகிறது. அதனால் கடந்த உண்மையான தூரம், ஒளி புறப்படும் இடத்துக்கும் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் போலப் பல மடங்கு. முன்கைக்கு இந்தப் பெருக்கம் 4ஐ ஒட்டியது. கெண்டைக்காலுக்கு 5ஐத் தாண்டும். மென்பொருளில் இந்த எண்ணைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். முன்பு தலையை அளந்தவர் விட்டுப்போன எண் அதில் அப்படியே கிடக்கலாம். தொடங்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

என்ன என்ன தேவை?

ஒளிக்கருவி ஒன்று. ஆர்டினிஸ் நிறுவனத்தின் போர்ட்டமான் போன்றவை ஆய்வகங்களில் நிறையப் புழங்குகின்றன. விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மாக்ஸி போன்ற சின்னக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின், இழந்தது, மொத்தம் என மூன்றையும் தனித்தனியாக மைக்ரோமோலாரில் (லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற அளவில்) தரக்கூடியதாக இருந்தால்தான் கீழே வரும் கணக்குகள் நடக்கும். வெறும் சதவீதம் தரும் கருவியை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட முடியாது.

கஃப், அதை நொடிப்பொழுதில் ஊதும் கருவி. ஹோகன்சன் வகை ஊதுகருவி பல ஆய்வகங்களில் உண்டு. லட்சக்கணக்கில் ஒளிக்கருவி வாங்கிவிட்டு, கஃபை மட்டும் பிபி மெஷின் பல்பால் புஸ் புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பல்பால் 220 மி.மீ. அழுத்தம் வரை ஏற்றப் பல நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் சிரை முதலில் அடைபடும், தமனி திறந்திருக்கும். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. அப்புறம் கணக்கு எங்கே சரியாக வரும்?

இவை தவிர, கொழுப்பின் தடிமனை அளக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அல்லது தோல்மடிப்புக் காலிப்பர், கைப்பிடி வலிமை பார்க்கும் கருவி, தோலில் குறியிட மார்க்கர், ஒட்டும் டேப், கறுப்புத் துணி. சாதாரண பிபி மெஷினும் ஒன்று வேண்டும், ஆளின் ரத்த அழுத்தம் தெரிந்தால்தான் கஃப் அழுத்தத்தை முடிவு செய்ய முடியும்.

அனுமதியும், யாரை விட்டுவிட வேண்டும் என்பதும்

தசைக்குள் எதையும் செலுத்தாத முறை என்பதால் நெறிமுறைக் குழு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மனிதரை அளக்கும் எந்த ஆய்வுக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கலந்துகொள்பவர் படித்துப் புரிந்து கையெழுத்திட்ட சம்மதமும் வேண்டும். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களே இதற்கு அடிப்படை. சம்மதப் படிவத்தில் ‘கை சில நிமிடம் மரத்துப்போகும், வலிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்’ என்று எளிய தமிழில் எழுதுங்கள். ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

சிரையில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், அரிவாள் செல் நோய் உள்ளவர், டயாலிசிஸுக்காக அந்தக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) போட்டிருப்பவர், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் அந்தக் கையில் வீக்கம் உள்ளவர், கையில் உணர்ச்சி குறைந்தவர், தோலில் புண் உள்ளவர் ஆகியோருக்குக் கஃபை முழு அழுத்தத்தில் கட்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 1: ஆளையும் அறையையும் தயார்செய்தல்

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 12 மணி நேரத்துக்கு காபி, டீ, சிகரெட் கூடாது, முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சியும் மதுவும் வேண்டாம். ‘டீ மட்டும் குடிச்சேன் சார்’ என்று ஒருவர் வந்து நிற்பார். அவரை அன்று விட்டுவிட்டு இன்னொரு நாள் வரச்சொல்வதுதான் நல்லது.

அறை 22 முதல் 24 டிகிரி வரை இருக்கட்டும். நம் ஊர் மே மாத வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கியவரின் தோலில் ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும். ஒளி தோலைத் தாண்டித்தான் தசைக்குப் போகிறது, ஆகவே தோலின் ரத்தமும் அளவில் கலந்துவிடும். உள்ளே வந்ததும் படுக்க வைத்து, குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். ஏ.சி.யின் காற்று நேரே கையில் படக் கூடாது. கை இதய மட்டத்தில், தலையணை மேல் தளர்வாக இருக்க வேண்டும். கை தொங்கினால் சிரைகளில் ரத்தம் தேங்கும், உயர்த்தினால் வடியும்.

இந்த 20 நிமிடத்தில் ரத்த அழுத்தம் பாருங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். ஏன் என்று கணக்கில் சொல்கிறேன்.

படி 2: இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுதல்

உள்ளங்கை மேலே பார்க்கக் கையை வைத்து, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான நீளத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கில், உள்பக்கமாக விரலை வைத்து அழுத்தினால், விரலை மடக்கும் தசை புடைத்து அடங்குவது தெரியும். அந்த மேட்டின் நடுவில் குறியிடுங்கள். தோலுக்கு அடியில் நீலமாகத் தெரியும் சிரை எதன் மேலும் சென்சார் உட்காரக் கூடாது. முடி அடர்த்தியாக இருந்தால் மழித்துவிடுங்கள். மச்சம், பச்சை குத்திய இடம் வேண்டாம்.

அதே இடத்தில் கொழுப்பின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். காலிப்பரால் எடுத்தால் மடிப்பின் பாதிதான் தோலும் கொழுப்பும் சேர்ந்த தடிமன். ஒளி உள்ளே போகும் ஆழம், அனுப்பும் இடத்துக்கும் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறையப் பாதி. இடைவெளி 35 மி.மீ. என்றால் ஆழம் 17 மி.மீ. அளவுக்கு வரும். கொழுப்பே 12 மி.மீ. இருந்தால் நீங்கள் அளப்பது பெரும்பாலும் கொழுப்பைத்தான். ஆள் பார்க்க ஒல்லி என்று காலிப்பரை ஓரம் வைத்துவிடாதீர்கள்.

தோல் நிறமும் கணக்கில் வரும். மெலனின் இந்த ஒளியையும் ஓரளவு விழுங்கும், அதுவும் 760 பக்கம் 850ஐவிட அதிகமாக. கறுத்த தோலில் திரும்பி வரும் ஒளி குறையும், சில கருவிகளில் சதவீதமும் கொஞ்சம் பிசகலாம். கருவிகள் பெரும்பாலும் வெளிறிய தோல் உள்ளவர்களை வைத்தே சோதிக்கப்பட்டவை என்பதால், நம்மைப் போன்றவர்களை அளக்கும்போது திரும்பி வரும் ஒளியின் வலிமையைக் காட்டும் கட்டத்தைப் பார்க்காமல் பதிவைத் தொடங்கக் கூடாது.

சென்சாரைத் தசையின் நீளவாக்கில் வையுங்கள். வியர்வை படாமல் மெல்லிய ஒளிபுகும் உறையில் சுற்றலாம். டேப்பால் ஒட்டி, மேலே கறுப்புத் துணி. ஆடக் கூடாது, இறுக்கவும் கூடாது. இறுக்கிக் கட்டினால் அடியில் இருக்கும் ரத்தமே பிழிந்து வெளியேறிவிடும். ஒட்டி முடித்ததும் அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கோடு துள்ளினால் வெளிச்சம் உள்ளே போகிறது.

படி 3: சிரையை மட்டும் அடைத்து, ஓட்டத்தை அளத்தல்

மேல்கையில் கஃப். பாதரச அளவில் 50 மி.மீ. அழுத்தம் போதும். அது சிரையை மூடும், தமனியை மூடாது. ஆளின் கீழ் அழுத்தம் 60 அளவில் இருந்தால் 40 போதும். எப்படியும் கஃப் அழுத்தம் கீழ் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டு நிமிடம் அசையாமல் பதிவு எடுத்துவிட்டு, கஃபை ஊதி 20 நொடி பிடித்து, விட்டுவிட்டு, 40 நொடி ஓய்வு. இப்படி நான்கைந்து முறை. திரையில் மொத்த ஹீமோகுளோபின் கோடு ஏணியில் ஏறுவதுபோல் நேராக ஏற வேண்டும். முதல் ஓரிரு நொடியில் கஃப் ஊதும் அதிர்ச்சியால் ஒரு துள்ளல் வரும், அதை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த ஐந்தாறு நொடியில் நேராகப் போகும் பகுதியின் சாய்வை எடுங்கள். 15 நொடிக்கு மேல் போனால் சிரைகள் நிரம்பி, கோடு வளையத் தொடங்கும்.

கணக்கு இப்படி. சாய்வு நொடிக்கு 0.4 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 24. ஆளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 கிராம், அதாவது லிட்டருக்கு 140 கிராம். ஹீமோகுளோபினின் மூலக்கூறு எடை சுமார் 64,500 என்பதால் அது லிட்டருக்கு 2.17 மில்லிமோல், அதாவது ஒரு மி.லி.க்கு 2.17 மைக்ரோமோல். 24ஐ 2.17ஆல் வகுத்தால் 11. ஒரு லிட்டர் திசுவுக்குள் நிமிடத்துக்கு 11 மி.லி. ரத்தம் வருகிறது. 100 மி.லி. திசுவுக்கு 1.1 மி.லி.

இங்கேதான் விரல்நுனிச் சொட்டு வேலைக்கு வருகிறது. பல ஆய்வுகளில் ஹீமோகுளோபினை அளக்காமல் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறார்கள். ரத்தசோகை பரவலாக இருக்கும் நம் நாட்டில் அது ஆகாது. அதே 0.4 சாய்வு, ஆனால் ஹீமோகுளோபின் 9 என்றால், ரத்தத்தில் 1.4 மில்லிமோல்தான். ஓட்டம் 1.7 ஆகிவிடும். ஒரே கோடு, ஓட்டத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

பாதரச வளையம் கட்டி அளக்கும் பழைய முறையில் ஓய்வில் முன்கை ஓட்டம் 2 முதல் 4 மி.லி. வரை வருவது வழக்கம். ஒளிமுறையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். பழைய முறை தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் சேர்ந்த முழுக் கையையும் அளக்கிறது. ஒளி தனக்கு அடியில் இருக்கும் துண்டை மட்டும் பார்க்கிறது. இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘பொருந்தவில்லை’ என்று கவலைப்படத் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. சில கருவிகள் ஹீமோகுளோபின் மூலக்கூறை ஒன்றாக எண்ணும், சில அதிலுள்ள நான்கு இரும்பு மையங்களையும் தனித்தனியாக எண்ணும். கையேட்டில் எது என்று பாருங்கள். பார்க்காவிட்டால் விடை நான்கு மடங்கு தவறும்.

படி 4: தமனியை அடைத்து, செலவை அளத்தல்

எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒருமுறை கூர்ந்து பார்த்தால் மேலே சொன்ன தத்துவமெல்லாம் கண்ணெதிரே தெரியும்.

கஃபை ஒரே வீச்சில் 220 மி.மீ.க்கு ஏற்றுங்கள். மேல் அழுத்தம் 150 உள்ளவருக்கு 250. உடனே மணிக்கட்டில் நாடி பாருங்கள். இருக்கவே கூடாது. திரையில் சிவப்புக் கோடு, அதாவது ஆக்சிஜன் உள்ளது, மெல்ல இறங்கத் தொடங்கும். ஆக்சிஜன் இழந்ததைக் காட்டும் நீலக் கோடு அதே அளவுக்கு ஏறும். இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிரே பிரிந்து போகும். மொத்தம் காட்டும் கோடு மட்டும் தட்டையாகக் கிடக்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. உள்ளே அடைபட்ட ரத்தத்திலிருந்து தசை ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் உள்ளங்கை வெளிறிப்போகும், இரண்டு மூன்றில் திட்டுத்திட்டாக நீலம் பாயும். ‘அண்ணா, கை மரத்துப் போகுது’ என்ற குரல் வரும். ‘அப்படித்தான் இருக்கும், முடியலன்னா சொல்லுப்பா, உடனே விட்டுடறேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி விடவும் தயாராக இருங்கள். விரலை ஆட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். ஒரு விரல் அசைந்தாலும் தசை கூடுதலாகச் செலவழிக்கும், கோட்டின் சாய்வு அங்கேயே மாறும்.

மொத்தக் கோடு தட்டையாக இல்லாமல் மேலேறினால், தமனி முழுதாக அடையவில்லை அல்லது கஃப் மெதுவாக ஊதியது. அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10 நிமிடம் ஓய்வு கொடுத்துத் திரும்ப எடுங்கள்.

ஓய்வுநிலைச் செலவை மட்டும் அளக்க ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். சாய்வுக்கு, சிவப்பிலிருந்து நீலத்தைக் கழித்துப் பாதியாக்கி எடுத்துக்கொள்வது வழக்கம். சின்ன ரத்த நகர்வுகள் இருந்தாலும் அதில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். கணக்கு: சாய்வு நொடிக்கு 0.12 மைக்ரோமோலார். நிமிடத்துக்கு 7.2. ஒரு ஹீமோகுளோபின் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமப்பதால் 4ஆல் பெருக்க 28.8. தசையின் அடர்த்தி 1.04, வகுத்தால் ஒரு கிலோ தசைக்கு 27.7 மைக்ரோமோல். 100 கிராமுக்கு 2.8. ஒரு மைக்ரோமோல் வாயு 22.4 மைக்ரோலிட்டர். ஆகவே 100 கிராம் தசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.06 மி.லி. ஆக்சிஜன் செலவழிக்கிறது. ஓய்வில் இருக்கும் முன்கைக்கு இது 0.1ஐ ஒட்டியோ கொஞ்சம் குறைவாகவோ வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 1.0 வந்தால் எங்கோ அலகு பிசகியிருக்கிறது.

கஃபை ஐந்து நிமிடம் வரை வைத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும். சிவப்புக் கோடு இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில் தரைதட்டி நிற்கும். அதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளலாம். ஓய்வுநிலையிலேயே தரைதட்ட வைக்க நேரமாகும்; கஃப் ஊதியபின் லேசாகச் சிலமுறை கையை மூடித் திறக்கச் சொன்னால் சீக்கிரம் வந்துவிடும். பிறகு கஃபை விட்டதும் ரத்தம் வெள்ளமாய்ப் பாயும். சிவப்புக் கோடு பழைய மட்டத்தைத் தாண்டி மேலே போய், பிறகு மெதுவாகத் திரும்பும். அந்த உச்சிதான் 100. இந்த இரண்டு முனைகளும் கிடைத்துவிட்டால், கொழுப்பு, தோல் நிறம், கருவி வேறுபாடு எல்லாம் ஓரளவு அடங்கி, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடிகிறது. ஏறிவரும் வேகமே தனியாக ஒரு தகவல்: சிறு ரத்தக்குழாய்கள் எவ்வளவு சட்டென்று விரிகின்றன என்பதை அது காட்டும். சர்க்கரை நோயாளிகளிடமும் தமனி அடைப்பு உள்ளவர்களிடமும் அது மந்தமாக இருக்கும்.

படி 5: கையை வேலை வாங்கி அளத்தல்

ஓய்வில் பழகியபின் கைப்பிடிப் பயிற்சிக்குப் போகலாம். முதலில் அதிகபட்சப் பிடியை மூன்று முறை பார்த்து, அதில் 30 சதவீதத்துக்கு அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். அழுத்தும் நேரத்தில் தசையே ரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றுவதால் கோடுகள் ரம்பப் பல்லாகத் துடிக்கும். அந்த நேரத்துச் சாய்வை நம்ப வேண்டாம். நிறுத்திய மறுகணம் கஃபை ஊதி 5 நொடி, விட்டு 5 நொடி என மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து முறை. ஒவ்வோர் அடைப்பிலும் செலவின் சாய்வு முதலில் செங்குத்தாக இருந்து, வரவர ஓய்வுநிலைக்குத் தணியும். தணியும் வேகம், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறனைக் காட்டுகிறது: வேகமாகத் தணிந்தால் திறன் அதிகம். ஊசி போட்டுத் தசைத் துண்டு எடுக்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பதால்தான் இந்த முறைக்கு இவ்வளவு மவுசு.

ரத்தம் வேகமாகப் பாயும் இந்த நேரத்தில் மொத்தக் கோடு தட்டையாக இருக்காது. சிவப்பு, நீல மாற்றங்களிலிருந்து ரத்தக் கன அளவின் மாற்றத்தைப் பிரித்துக் கழிக்கும் திருத்தம் ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் எடுத்த சாய்வு உதவாது.

வாயு என்றால் ஆக்சிஜன் மட்டுமா?

சதவீதம் ஒன்று, வாயு அழுத்தம் வேறொன்று. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 95 மி.மீ. அளவில் இருக்கும். ஹீமோகுளோபின் பாதி நிறைந்திருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 27. முக்கால்வாசி நிறைந்திருக்கும் அழுத்தம் 40. மயோகுளோபினுக்கோ 3 மி.மீ.க்கும் குறைவான அழுத்தத்திலேயே பாதி நிறைந்துவிடும். ஒளிக்கருவி நிறைவைத்தான் அளக்கிறது. அழுத்தத்தை அளக்க மெல்லிய மின்முனையைத் தசைக்குள் செலுத்த வேண்டும். லீலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கிய ஆக்சிஜன் மின்முனையின் வழித்தோன்றல்கள் அவை. ஓய்வில் இருக்கும் தசையில் இப்படி அளந்தால் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ. வரை வரும். கார்பன்டைஆக்சைடும் சேர்த்து வேண்டுமென்றால், வாயு மட்டும் ஊடுருவும் மெல்லிய டெஃப்லான் குழாயைத் தசைக்குள் வைத்து வாயுக்களைப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு இணைக்கும் முறை உண்டு. ஆனால் ஊசி நுழையும் இடத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்து, சுற்றியுள்ள நுண்குழாய்கள் நசுங்கும். உடனே வரும் எண்ணை நம்பாமல், நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும். இவை எதுவும் மருத்துவர் இல்லாமல் செய்யும் வேலையல்ல.

இடைப்பட்ட வழி, முழங்கை மடிப்பின் ஆழ்ந்த சிரையில், கையை நோக்கி மருத்துவர் ஒரு கானுலா போட்டு எடுக்கும் ரத்தம். தசையிலிருந்து வெளியேறும் ரத்தம் அதில் கிடைக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் தடவிய சிரிஞ்சில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் எடுத்து, உடனே பிளட் கேஸ் மெஷினில் போட வேண்டும். ஆக்சிஜன், கார்பன்டைஆக்சைடு, பி.எச். மூன்றும் வரும். 1870ல் ஃபிக் சொன்ன விதிப்படி, ஓட்டத்தைத் தமனி, சிரை வித்தியாசத்தால் பெருக்கினால் செலவு.

ஒளிமுறை விடையைச் சோதிக்க இது நல்ல உரைகல். ஹீமோகுளோபின் 14, ஒரு கிராம் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். கரைந்திருப்பதையும் சேர்த்து, தமனியில் 98 சதவீதத்துக்கு டெசிலிட்டருக்கு 18.7 மி.லி.; சிரையில் 65 சதவீதத்துக்கு 12.3. வித்தியாசம் 6.4. ஓட்டம் 100 மி.லி. திசுவுக்கு 2 மி.லி. என்றால் செலவு 0.13 மி.லி. படி 4ல் வந்த 0.06ஓடு ஒப்பிட்டால் இரட்டிப்பாகத் தெரிகிறது. ஆனால் 2 என்பது முழுக் கையின் ஓட்டம். படி 3ல் வந்த 1.1ஐப் போட்டால் 0.07 வந்துவிடும். எந்த ஓட்டத்தை எந்த வித்தியாசத்தோடு பெருக்கினோம் என்பதை எழுதி வைப்பது இதனால்தான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி கிடைத்தால், மேல்கைத் தமனியில் டாப்ளர் (ஒலியலையால் ரத்தத்தின் வேகத்தை அளக்கும் முறை) வைத்தும் ஓட்டத்தைச் சரிபார்க்கலாம். விட்டம் 4 மி.மீ., சராசரி வேகம் நொடிக்கு 8 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 60 மி.லி. ஒலிக்கற்றை தமனியோடு 60 டிகிரிக்கு மேல் கோணம் வைக்கக் கூடாது. விட்டத்தில் சிறு பிழை இருந்தாலும் அது வர்க்கமாகப் பெருகும்.

குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்?

ஒவ்வொரு ஆளுக்கும்: அறை வெப்பம், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கொழுப்பின் தடிமன், சென்சார் இடைவெளி, மென்பொருளில் போட்ட பெருக்கு எண், சென்சார் இடம், முழங்கை மடிப்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று. அடுத்த முறை அதே ஆள் வரும்போது சென்சார் ஒரு செ.மீ. நகர்ந்தாலே வேறு தசையைப் பார்க்கும். ஒட்டியதைப் பிரிப்பதற்கு முன், அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, மேலே அளவுகோல் ஒன்றை வைத்து ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகமோ பெயரோ படத்தில் வர வேண்டாம், ஆளின் குறியீட்டு எண் போதும்.

நூறு பேரை அளக்கத் தொடங்கும் முன், ஐந்தாறு நண்பர்களை வெவ்வேறு நாட்களில் இரண்டிரண்டு முறை அளந்து, உங்கள் கையில் விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் வரும் ஆட்டமே 20 சதவீதம் என்றால், இரண்டு குழுக்களுக்கு இடையே 10 சதவீத வித்தியாசத்தைத் தேடி ஆய்வுத் திட்டம் எழுதிப் பயனில்லை. ஒன்று இன்னும் பழக வேண்டும், இல்லையென்றால் இன்னும் நிறையப் பேரைச் சேர்க்க வேண்டும்.